நாற்பத்தொன்றாம் எண் வில்லை

கார்ன்ஹில் சுரங்கத்தில் விளக்கறை பார்த்துக்கொண்டிருந்த சைலஸ் பெங்கெல்லியிடம் மூன்றே மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று பைபிள். மற்ற இரண்டும் தலைநகர் வெலிங்டனில் சர்க்கார் அச்சகத்தில் அடித்தவை. இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிற அட்டை, ஒரே தடிமன், ஒரே மாதிரி பொடி எழுத்து. ஒன்று நிலக்கரிச் சுரங்கங்களுக்கான தீத்தடுப்பு விதிகள். மற்றது பத்திரிகைத் தந்தி விதிகள். பைபிளாவது திரும்பத் திரும்பப் படித்தால் கொஞ்சம் பிடிபடுகிறது, இந்த இரண்டையும் படிக்கப் படிக்க இருக்கிற புத்தியும் போய்விடுகிறது என்பார் சைலஸ். அவசரத்தில் ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றை எடுத்துவிடுவார். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தேடினால், ஒரு தந்தியில் எத்தனை சொல் இருக்கலாம் என்று பதில் கிடைக்கும்.

பத்தொன்பது வயதில் சீமையில் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த மனிதர். பதினான்கு வருஷம் கரி வெட்டினார். கூரை சரிந்து வலது முழங்கால் நசுங்கியபின் கம்பெனி விளக்கறையில் உட்கார வைத்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், எல்லாம் சர்ச் வகுப்பில் கற்றது. அதைப் பார்த்துவிட்டு போர்ட் எலர்ஸ் ஊர்ப் பத்திரிகைக்காரர் அவரையே கார்ன்ஹில்லுக்கு நிருபராக வைத்துக்கொண்டார். தபால் இலாகாவிலிருந்து நிருபர் அட்டை வந்தது. அந்த அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் குறைந்த கட்டணத்தில் செய்தி அனுப்பலாம். யார் வீட்டுப் பூசணி பரிசு வாங்கியது, மழையில் எந்தப் பாலம் போயிற்று, இப்படித்தான் அவருடைய செய்திகள். ஊரில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது, அவருக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

விளக்கறைக்கு வெளியே ஒரு பலகை. அதில் எண் போட்ட ஆணிகள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அதே எண் போட்ட ஒரு பித்தளை வில்லை, ஒரு விளக்கு. உள்ளே போகிறவன் தன் வில்லையைத் தன் கையாலேயே பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் தன் கையாலேயே கழற்ற வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் மலைக்குள்ளே இருக்கிறான். தீத்தடுப்பு விதிகளில் இது ஒன்றுதான் சைலசுக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்த அந்த ஒன்றைத்தான் அவர் தினமும் மீறினார்.

வேறு என்ன செய்வது? அந்த மலையில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொருத்தனும் வில்லையை வாங்கி மாட்டி, விளக்கை வாங்கி, சரி பார்த்து நகர்வதற்குள் பின்னால் நிற்பவன் தொப்பலாக நனைந்துபோவான். வெலிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்து விதி எழுதுகிறவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது! அதனால் சைலஸ் ஆறரை மணிக்கே வந்து எல்லா வில்லைகளையும் தாமே மாட்டிவிடுவார். ஆட்கள் விளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். வராதவன் வில்லையை ஏழரைக்குக் கழற்றிவிடுவார். விளக்கு கொக்கியில் மிச்சம் இருந்தால் அவன் வரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் கணக்கு. எட்டு வருஷமாக இது பிசகியதில்லை. மானேஜர் ஆல்டர்சனுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று விளக்குத் திரி எரிந்துபோய் நாலைந்து பேர் திரும்பி வந்து சண்டை பிடித்ததில் ஏழரை மணிக்குப் பலகையைப் பார்க்க சைலசுக்கு நேரமில்லை. எட்டுக்குப் பார்க்கலாம் என்று இருந்தார். எட்டுக்கு எண்ணெய்ப் பீப்பாய் வந்தது. அப்புறம் மறந்தே போயிற்று.

ஒன்பதரை மணிக்குச் சுரங்கத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து புகை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யார் கேட்டாலும் சைலஸ் கோர்வையாகச் சொன்னதில்லை. சங்கு ஊதியது. ஆட்கள் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். வெளியே நின்றிருந்த வாலிபர்கள் உதவிக்கு ஓடினார்கள், அதில் அவர் மகன் ஜெத்ரோவும் ஒருவன். ஓடினவர்கள் விளக்கறைக்குள் புகுந்து, வெளியே வந்தவர்கள் இறக்கி வைத்ததோ கொக்கியில் இருந்ததோ, கைக்குக் கிடைத்த விளக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். யார் எந்த எண்ணை எடுத்தான் என்று யார் பார்த்தார்கள்? பதினொரு மணிக்குள் எல்லோரும் வெளியே வந்து தங்கள் வில்லைகளைக் கழற்றினார்கள். அறுபத்திரண்டு ஆணிகள் காலியாயின. நாற்பத்தொன்றாம் ஆணியில் மட்டும் வில்லை தொங்கியது.

நாற்பத்தொன்று என்றால் டூகல் மெக்ஹார்டி. பழைய பாதைகளில் தனியாகப் போய்க் கூரை சரியாமல் மரமுட்டு கொடுக்கிறவன். சிவப்புத் தாடி, இடது கையில் சுண்டுவிரல் கிடையாது, வாயைத் திறந்தால் காது கூசும். பாதிரியார் எதிரே வந்தால்கூட அடக்கிக்கொள்ள மாட்டான். தனியாக வேலை செய்கிறவன் என்பதால் அவன் அன்றைக்கு உள்ளே வந்தானா என்று கூட வேலை செய்தவர்களைக் கேட்க வழியில்லை. கொக்கியில் விளக்கும் இல்லை.

மானேஜர் ஆல்டர்சன் நேரே சைலசிடம் வந்தார். பின்னால் பாதி ஊரே நின்றது.

"பெங்கெல்லி, மெக்ஹார்டிக்கு விளக்கு குடுத்தியா?"

"குடுத்தேன் ஐயா."

"இன்னைக்கா?"

சைலஸ் காலிக் கொக்கியைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கா? கண்ணை மூடினால் அந்தக் கை தெரிந்தது. சுண்டுவிரல் இல்லாத கை சன்னல் வழியாக நீண்டது, விளக்கை வாங்கியது, விரல் கணுவில் ஈரம். ஆனால் அந்தக் கை தினமும் நீண்டது. தினமும் ஈரம். நேற்றும் இதே மாதிரி, போன வாரமும் இதே மாதிரி. அறுபது கைகளுக்கு விளக்கு கொடுக்கிறவன் எந்தக் கையை எந்தத் தேதியோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வான்?

"குடுத்த மாதிரி இருக்கு ஐயா."

"மாதிரியா? என்னய்யா மாதிரி? அவன் உள்ளே இருக்கானா இல்லையா?"

அப்போது கரித்தொட்டிகளைக் கயிற்றில் சரிவில் ஏற்றி இறக்கும் விஞ்சை ஓட்டுகிற பிரைஸ் கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "காலைல மலைப்பாதையில பாதி வழியில, தண்ணிப் பம்புக்கிட்ட ஒருத்தன் நின்னான். அப்புறம் திரும்பிக் கீழே போனான். டூகல் மாதிரிதான் இருந்துச்சு."

"மூஞ்சியப் பாத்தியா?"

"திரும்பிப் போறவன் மூஞ்சிய எவனாவது பாப்பானா ஐயா? நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. கார்ன்ஹில்லில் அது அப்படித்தான். சுரங்கத்துக்குப் புறப்பட்டவன் சாப்பாட்டு டப்பாவையோ டீ பாட்டிலையோ வீட்டில் மறந்துவிட்டது பாதி வழியில் ஞாபகம் வந்தால், அன்றைக்கு அவன் உள்ளே போகமாட்டான். வீட்டுக்கும் போகமாட்டான். ஷிப்டு முடிகிறவரை வீட்டு வாசலை மிதித்தால் கெட்ட நேரம் கூடவே உள்ளே வந்துவிடுமாம். எங்கேயாவது போய்விட்டுச் சாயங்காலம் வருவான். வழியில் பார்க்கிறவன் அவனைக் கூப்பிடக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. அவனும் யாரிடமும் சொல்லக் கூடாது. விளக்கறைக்கு வந்து என் வில்லையைக் கழற்றிவிடு என்று சொல்வதெல்லாம் நடக்காத காரியம்.

டூகல் திரும்பியிருந்தால் எங்கே போயிருப்பான்? அக்டோபர் மாதம். ஆற்று முகத்துவாரங்களில் எல்லாம் கண்ணாடி மாதிரிப் பொடிமீன் ஏறுகிற பருவம். வலை வைத்திருக்கிற எவனும் அதை விடமாட்டான். ஆனால் கரையோரத்தில் எத்தனை ஆறு!

சைலசுக்கு நெஞ்சில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஐயா, அவன் திரும்பித்தான் போயிருக்கணும். உள்ளே இல்லைன்னு எனக்குத் தோணுது."

"தோணுமே! ஏன் தோணாது?" கூட்டத்தின் நடுவிலிருந்து டூகலின் மனைவி இஸ்பெல் வந்தாள். தலையில் சால்வைகூட இல்லை, மழை முகத்தில் வழிந்தது. "அவரைத் தேடி உள்ளே போறதுக்குப் பேர் குடுத்த அஞ்சு பேர்ல ஒம் மவன் நிக்கிறான்ல? இவ்வளவு நேரம் குடுத்தேன்னு சொன்ன வாய், அவன் பேர் வந்ததும் இல்லைன்னு சொல்லுது. என் புருஷனை உள்ளே வெச்சுச் செங்கல் அடுக்கிட்டு நீ ராத்திரி தூங்கிடுவியா பெங்கெல்லி?"

ஐந்து பேரில் ஜெத்ரோ இருப்பது சைலசுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்போதுதான் தெரிந்ததா? முன்பே கண்ணில் பட்டிருக்குமோ? மகனைப் பார்த்துவிட்டுத்தான் மனசு அப்படி ஒரு நினைப்பைக் கட்டிக் கொடுத்ததோ? அவருக்கே விளங்கவில்லை. தன் தலைக்குள் இருப்பதில் எது நடந்தது, எது ஆசைப்பட்டது என்று பிரிக்க அவரால் முடியவில்லை.

ஆல்டர்சன் அவரை விளக்கறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"இதோ பாரு. விசிறி ஓடுது, மேற்குப் பக்கம் புகை கொஞ்சம் கொஞ்சமா வடியுது. நாலு மணிக்கு ஆள் நுழையலாம். நாலுக்கு மேல வெடிக்கிற வாயு சேர ஆரம்பிச்சுடும். ஒண்ணு, நாலு மணிக்கு அஞ்சு பேரை அனுப்பி அவனைத் தேடணும். இல்லேன்னா செங்கலை வெச்சு அடைச்சுத் தீயைச் சாகடிக்கணும். அவன் உள்ளே இல்லைன்னு நீ பைபிள் மேல கையை வெச்சுச் சொல்லு, இப்பவே அடைக்கிறேன். சொல்றியா?"

பைபிள் அலமாரியில்தான் இருந்தது. சைலஸ் அதைப் பார்த்தார். கை எழவில்லை.

"முடியல ஐயா. உள்ளே இருக்கான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. வில்லையை நான்தான் மாட்டினேன், அது மட்டும்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே," என்றார் ஆல்டர்சன் அவசரமாக. "அது வெளியே போச்சுன்னா உன் வேலையும் போச்சு, என் சர்ட்டிபிகேட்டும் போச்சு. ஆத்துப் பக்கம் தேடச் சொல்லி எலர்ஸ் போலீசுக்குத் தந்தி குடுத்திருக்கேன். ஒரே ஒரு போலீஸ்காரன், அவனும் குதிரையில எங்கேயோ போயிருக்கானாம். ஆக, நாலு மணிக்கு அனுப்புறேன்."

அவர் போய்விட்டார். சைலஸ் அலமாரியில் கைவிட்டுத் தீத்தடுப்பு விதிகளை எடுத்தார். பிரித்தால், பத்திரிகைத் தந்தி விதிகள். வழக்கம்போல. அட சே என்று வைக்கப் போனவர் அப்படியே நின்றார். எலர்ஸ் பத்திரிகை ஆபீசில் வருகிற தந்தியை உடனே பெரிய எழுத்தில் எழுதிச் சன்னலில் ஒட்டுவார்கள். சுரங்கத்தில் தீ என்று தெரிந்தால் ஊரே அந்தச் சன்னலில்தான் நிற்கும், அங்கிருந்து ஆற்றங்கரை வரைக்கும் செய்தி வாய்வழியே ஓடும். காலையிலிருந்து ஒரு வரிகூட அனுப்பவில்லையே என்று பத்திரிகைக்காரர் அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

போஸ்ட் ஆபீஸ் மலையடிவாரத்தில். டெலிபோனில் செய்தியைச் சொன்னால் ஏற்க மாட்டார்கள், அட்டைக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முழங்காலை இழுத்துக்கொண்டு சரிவுப் பாதையில் நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். கரித்தொட்டியில் ஆள் ஏறக் கூடாது என்பது விதி. சைலஸ் ஏறி உட்கார்ந்தார். பிரைஸ் கிழவர் மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு விஞ்சை மெதுவாக விட்டார். தொட்டி நகர்கிற நேரத்தில் இஸ்பெல்லும் தாவி ஏறினாள்.

"நீ எதுக்கு வர்றே?"

"நீ என்ன எழுதப் போறேன்னு நான் பாக்கணும்."

கீழே போஸ்ட் ஆபீசில் மிஸ் கியோ தனியாக இருந்தாள். நாற்பது வயதிருக்கும். பட்டணத்துப் பெரிய ஆபீசில் யாருக்கோ இரக்கப்பட்டு ஒரு தந்தியை வரிசை தாண்டி அனுப்பியதற்காக இந்தக் காட்டுக்கு மாற்றப்பட்டவள். அதிலிருந்து அவள் விதி தவறி மூச்சுகூட விடுவதில்லை என்பது ஊர்ப்பேச்சு. சைலஸ் எழுதி நீட்டிய படிவத்தைப் பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நின்றாள்.

"'டூகல் மெக்ஹார்டியைப் பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும்.' இது செய்தி இல்ல மிஸ்டர் பெங்கெல்லி. இது விசாரிப்பு. பத்திரிகைத் தந்தியில விசாரிப்பு வரக் கூடாது. பதினோராம் விதி."

"ஆள் உயிரும்மா!"

"அப்போ சாதாத் தந்தியா குடுங்க. யாருக்கு? விலாசம் சொல்லுங்க."

"விலாசம் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வந்து நிக்கிறேன்? அவன் எங்க இருக்கான்னு தெரியாததுதானே சங்கதியே!"

"விலாசம் இல்லாம தந்தி எடுக்க முடியாது."

விலாசம் தெரியாதவனைத் தேடத் தந்தி கொடுக்க வேண்டுமானால் அவன் விலாசம் வேண்டுமாம். சுவர்க் கடிகாரம் இரண்டடிக்கப் பத்து நிமிஷம் காட்டியது. இஸ்பெல் கவுண்டரை ஓங்கித் தட்டினாள். "ஏன்டியம்மா, ஒனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதுக்கும் விதி பாத்துதான் அடிச்சுக்குமா?"

மிஸ் கியோவின் முகம் வெளுத்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"இந்த வரியோட அனுப்பினா அடுத்த ஆபீஸ்லயே நிறுத்திடுவாங்க. நிறுத்தினா இன்னைக்கு முழுக்கப் போகாது. எனக்குத் தெரியும், எனக்கு நடந்திருக்கு." படிவத்தைத் திருப்பி அவரிடமே தள்ளினாள். "கேக்காதீங்க. நடந்ததை எழுதுங்க. நடந்ததுன்னா நான் ஒரு சொல்லையும் தொடமாட்டேன், எவனும் தொட முடியாது. அவர் உள்ளே இருக்காரான்னு ஏன் தெரியல? அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல? அதை எழுதுங்க."

சைலஸ் பேனாவை மையில் தோய்த்தார். ரொம்ப நேரம் தோய்த்தபடியே நின்றார். காரணம் இருந்தது. காரணம் அவர்தான். அதை எழுதினால் சன்னலில் ஒட்டுவார்கள், நாளைக்கு அச்சிலும் வரும், வெலிங்டனில் படிப்பார்கள். எழுதாவிட்டால் டூகலின் பெயர் வெறும் பெயராகப் போகும். பாவம் செத்துப்போனான் என்று எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள், அவன் வெளியில் இருக்கலாம் என்று ஒருத்தனுக்கும் தோன்றாது.

எழுதினார்.

"கார்ன்ஹில் சுரங்கத்தில் தீ. அறுபத்திரண்டு பேர் பத்திரம். டூகல் மெக்ஹார்டி உள்ளே இருக்கிறாரா, வெளியே சென்றுவிட்டாரா என்பது தெரியவில்லை. அவர் வருமுன்பே அவருடைய வில்லையை விளக்கறைக்காரர் சைலஸ் பெங்கெல்லி விதிக்கு மாறாகத் தாமே மாட்டினார். விளக்கு கொடுத்தது பெங்கெல்லிக்கு நினைவில்லை. மெக்ஹார்டி வெளியில் இருப்பது நான்கு மணிக்குள் தெரியாவிட்டால் ஐந்து பேர் அவரைத் தேடிப் புகைக்குள் செல்கிறார்கள்."

மிஸ் கியோ சொற்களை எண்ணினாள். ஒன்றையும் அடிக்கவில்லை. உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். தோளுக்குப் பின்னால் நின்று படித்த இஸ்பெல் போய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதல் பதில் வந்தது. எலர்ஸ் ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து. "மெக்ஹார்டி என்பவர் காலை ரயிலில் தெற்கே சென்றார்." சைலஸ் எழுந்தே விட்டார். இஸ்பெல் தலையை ஆட்டினாள். "ரயிலா? அவருகிட்ட ரயிலுக்குக் காசு ஏது? அந்தப் பேர்ல இந்தக் கரையில இருபது பேர் இருக்கான்."

மூன்றேகாலுக்கு இன்னொன்று, ஆஸ்பத்திரியிலிருந்து. "டூகல் மெக்ஹார்டி இங்கே கால் முறிந்து படுத்திருக்கிறார். நலம். சென்ற புதன்கிழமை முதல்." சென்ற புதன்கிழமை டூகல் சைலசின் சன்னலில் நின்று திரியைப் பற்றி அரைமணி நேரம் திட்டினான். ஆக அதுவும் வேறு எவனோ. இப்போது ஒரு டூகல் தெற்கே போகிறான், ஒருவன் கட்டிலில் கிடக்கிறான், ஒருவன் மலைக்குள்ளே இருக்கலாம். சைலசுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டூகல் என்று ஒருத்தன் நிஜமாகவே உண்டா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

மூன்றரை. மூன்று நாற்பது. மேலே ஜெத்ரோ ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டிருப்பான். மகனே, கொஞ்சம் பொறுடா என்று சைலஸ் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்னதும் இஸ்பெல்லைப் பார்த்தார். அவள் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்குக் கருவி தட்டத் தொடங்கியது. மிஸ் கியோ எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் புருவத்தைச் சுருக்கினாள். காகிதத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"உயிரோடு இருக்கிறேன். ஆற்றில் இருக்கிறேன். மீன் நன்றாக ஏறுகிறது. பெங்கெல்லி ஒரு" என்றிருந்தது. அதற்கு அடுத்து அடைப்புக்குறிக்குள்: "தகாத சொற்கள் மூன்று, விதி இருபத்துமூன்றின்படி நீக்கப்பட்டன." பிறகு, "மெக்ஹார்டி."

சைலஸ் அதைப் பார்த்து விழித்தார். ஏற்கெனவே இரண்டு மெக்ஹார்டிகள் வந்தாயிற்று. இது மூன்றாவது ஆளா? இதை நம்பி அடைக்கச் சொல்வதா?

இஸ்பெல் காகிதத்தைப் பிடுங்கினாள். "மூணு வார்த்தையா?" என்றாள். மறுபடி படித்தாள். "தந்தியிலகூட வாய் அடங்கலையா இந்த மனுஷனுக்கு!" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு மூச்சே நின்றுவிடும்போல இருந்தது. "அவருதான்யா! அவரேதான்! டெலிபோனைக் குடு, டெலிபோனைக் குடு!"

மானேஜர் முதலில் நம்பவில்லை. எப்படி நிச்சயம் என்று கேட்டார். "நீக்கின மூணு வார்த்தையும் எனக்குத் தெரியும், சொல்றேன் கேளுங்க," என்று இஸ்பெல் மூன்றையும் வரிசையாக டெலிபோனில் கத்தினாள். மிஸ் கியோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஆல்டர்சன், "அவன்தான்," என்றார். "அஞ்சு பேரையும் நிறுத்துறேன்."

ஐந்து பேரும் விளக்கை இறக்கிவைத்துவிட்டுச் செங்கல்லும் களிமண்ணும் எடுத்தார்கள். ஐந்தரை மணிக்கு மேற்குப் பக்கத்தை அடைத்து முடித்தார்கள். முடித்துக் கால்மணிகூட ஆகவில்லை, உள்ளே ஒரு தரம் இடி மாதிரி வெடித்தது. சுவரின் மேல்வரிசைச் செங்கல் பெயர்ந்து விழுந்தது. வெளியே நின்ற ஒருவருக்கும் காயமில்லை. நாலு மணிக்கு உள்ளே போயிருந்தால் அந்நேரம் ஐந்து பேரும் அந்தப் பாதையின் கடைசியில் இருந்திருப்பார்கள். இதை யாரும் சைலசிடம் வந்து சொல்லவில்லை, அவருக்கே கணக்குப் போடத் தெரியும்.

இன்னொன்றும் அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. திரும்ப வந்த விளக்குகளைக் கொக்கியில் மாட்டும்போது நாற்பத்தொன்றாம் விளக்கை நீட்டியது ஜெத்ரோ. காலையில் ஓடும்போது கொக்கியிலிருந்து எடுத்தது அதுதானாம். காலையிலிருந்து பதில் மகன் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

சுரங்க இலாகா ஆய்வாளர் வந்து விசாரணை நடத்தினார். சாட்சியே தேவைப்படவில்லை. பத்திரிகையில் வந்த துண்டை மேஜைமேல் வைத்து, இதை எழுதியது நீதானே என்று கேட்டார். ஆமாம் என்றார் சைலஸ். விளக்கறையிலிருந்து நீக்கினார்கள். ஆல்டர்சனின் சர்ட்டிபிகேட்டை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதே வாரம் தபால் இலாகாவிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அட்டையையும் பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே பிரித்தார். மேற்படி தந்தியில் விதிக்கு மாறாக எதுவும் இல்லை, முழுவதும் செய்தியே என்று திருப்தி தெரிவித்திருந்தது. ஒரே தாளுக்கு ஒரு சர்க்கார் தண்டிக்கிறது, ஒரு சர்க்கார் பாராட்டுகிறது, இரண்டும் ஒரே சர்க்கார்தானே என்று அவர் மிஸ் கியோவிடம் கேட்டார். அதற்கு எந்த விதியும் இல்லை என்றாள் அவள். விளக்கறைக்காரர் நீக்கப்பட்டார் என்ற அடுத்த செய்தியையும் அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

கூத்து அதோடு முடியவில்லை. சுரங்கத்தின் மற்றப் பக்கங்களில் வேலை மறுபடி தொடங்கியது. ஆய்வாளரின் அறிக்கை வெலிங்டனுக்குப் போய்த் திரும்பும்வரை நாற்பத்தொன்றாம் ஆணியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஒன்பது நாளைக்கு அந்த வில்லை அங்கேயே தொங்கியது. வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். உள்ளே இருப்பவனுக்கு இன்னொரு விளக்கு கொடுக்க விதியில்லை. டூகல் மெக்ஹார்டி தினமும் காலையில் வருவான், புது விளக்கறைக்காரன் கையை விரிப்பான். டூகல் மழைக்கு ஒதுங்கி வெளிப் பெஞ்சில் வந்து உட்காருவான். வேலையில்லாத சைலசும் வேறு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு நாள் டூகல் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு டப்பாவைத் திறந்தான். பொடிமீனை முட்டையில் அடித்துச் சுட்ட அடை, இஸ்பெல் கொடுத்தனுப்பியது. அதில் பாதியை சைலஸ் பக்கம் தள்ளினான்.

"டூகல், ஒண்ணு கேக்கட்டா?" என்றார் சைலஸ். "அன்னைக்குக் காலைல நீ என் சன்னலுக்கு வரவே இல்லையா?"

"டீ பாட்டிலைக் கொல்லையில வெச்சு மறந்துட்டேன்யா. பம்புக்கிட்டயே திரும்பிட்டேன். எத்தனை தடவை சொல்றது?"

"உன் கை வந்துச்சு டூகல். விளக்கை வாங்கிச்சு. இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. நீ இங்க உக்காந்திருக்கே, இருந்தும் அந்தக் கை உள்ளே போயிட்ட மாதிரியே இருக்கு. ராத்திரி எழுந்து உக்காந்துடறேன்." அவர் அடையைத் தின்னாமல் கீழே வைத்தார். "அந்தத் தந்தியில அடிச்சிட்டாங்களே மூணு வார்த்தை, அது என்ன?"

டூகல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். வாயில் இருந்ததை விழுங்கினான். பிறகு சுண்டுவிரல் இல்லாத அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, மூன்று வார்த்தையையும் நிறுத்தி நிதானமாக, மலையே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

வரிசையில் நனைந்துகொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சைலஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார்.